மோட்டார் மறையலாம், நத்தை மடியக்கூடாது

“அழகாத்தான் இருக்கு கண்ணு. ஆனா நடுவுல அந்தக் கறுப்புப் பெட்டி எதுக்கு?”

எங்கள் வீவக வீட்டின் வரவேற்பறையில் இருக்கும் கடல்நீர்த் தொட்டியைப் பார்த்துப் பாட்டி கேட்ட முதல் கேள்வி இது. அவர் சொன்ன பெட்டி, நீரை அலைபோல் சுழற்றும் சிறிய மோட்டார். பவளங்களுக்கு உணவும் உயிர்வாயுவும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த ஓட்டம்தான். பாட்டிக்கு அது கண் உறுத்தல்.

அந்த வார இறுதியில் வீட்டில் மிச்சமிருந்த தெளிப்புச் சாயத்தை எடுத்து, மோட்டாரின் மூடிக்கு ஊதா நிறம் அடித்தேன். ஓர் இரவு காயவிட்டுத் தொட்டிக்குள் வைத்தேன். இரண்டே நாளில் மூன்று நத்தைகள் மல்லாந்து கிடந்தன. சாயம்தான் கொன்றது என்று அடித்துச் சொல்ல என்னிடம் சான்றில்லை. மோட்டாரை வெளியே எடுத்து, பாதி நீரை மாற்றி, வடிகட்டியில் கரி போட்ட பிறகு மற்ற நத்தைகள் பிழைத்துக்கொண்டன என்பது மட்டும் உண்மை.

தொட்டுப் பார்த்தால் காய்ந்துவிட்டது போலத் தெரியும் சாயத்திலிருந்து கரைப்பான் முழுதும் வெளியேறப் பல நாள்கள் ஆகலாம். சில சாயங்களில் செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களும் உண்டு. மீன் தாங்கிக்கொள்ளும் செம்பின் அளவை நத்தை, இறால், பவளம் தாங்காது.

இதற்குப் பெரிய உதாரணம் நம் துறைமுகத்துக்கும் தெரியும். கப்பலின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்க, டிபிடி எனப்படும் வெள்ளீயச் சேர்மம் கலந்த சாயத்தைப் பூசிவந்தார்கள். இங்கிலாந்தின் பிளிமத் கரையில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்வதை 1970 வாக்கில் கவனித்தார்கள். காரணம் அந்தச் சாயம் என்று பின்னர் தெரிந்தது. ஒரு லிட்டர் நீரில் சில நானோகிராம் கலந்தாலே போதும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு! 1990களில் சிங்கப்பூர்க் கரை நத்தைகளிலும் ஆய்வாளர்கள் இதே மாற்றத்தைக் கண்டார்கள். அனைத்துலகக் கடல்துறை அமைப்பின் தடை 2001ல் ஏற்கப்பட்டு, 2008 செப்டம்பர் 17ஆம் தேதி நடப்புக்கு வந்தது. கடலுக்கே அந்தக் கதி என்றால் 200 லிட்டர் தொட்டி எம்மாத்திரம்?

குழாய், ஒட்டுப் பசை என்று எதுவானாலும் நான் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசார் பக்கம் போய்விடுவேன். அங்குள்ள வன்பொருள் கடைகளில் கிடைக்காதது குறைவு. அங்கேதான் கவனமும் தேவை. குளியலறைக்கு விற்கும் சிலிக்கானில் பூஞ்சணத்தைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கும். கூட்டின் மேல் அதைப் பற்றி எழுதியிருந்தால் அது தொட்டிக்கு ஆகாது. பித்தளை வால்வும் துத்தநாகம் பூசிய திருகாணியும் அப்படியே. பிளாஸ்டிக் குழாயை வாங்கும்போதே கறுப்பிலோ சாம்பலிலோ வாங்கினால் நிறம் பொருளுக்குள்ளேயே கலந்திருக்கும், உரிந்து விழாது.

அப்படியானால் மறைக்கவே முடியாதா? முடியும். எனக்குப் பிடித்த வழியில் எதையும் மறைக்கவே வேண்டியதில்லை. பின்பக்கக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் கறுப்புத் தாளை ஒட்டிவிட்டேன். கறுப்பு மோட்டாரும் கறுப்புக் குழாயும் பாதி காணாமல் போயின. செலவு சில வெள்ளி. சாயம் அடித்தே தீரவேண்டும் என்பவர்களும் இந்த வெளிப்புறக் கண்ணாடியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

புதிதாகத் தொட்டி வாங்குவோர், நீர் வழிந்து அடியில் உள்ள இன்னொரு தொட்டிக்குப் போகும் வகையைக் கேட்டு வாங்கலாம். நுரை வடிகட்டி, வெப்பமானி எல்லாம் கீழே அலமாரிக்குள் போய்விடும். ஆனால் குளிரூட்டியை அங்கே அடைத்துவிடாதீர்கள். நம் ஊரில் தொட்டிக்குச் சூடேற்றி தேவைப்படுவது அரிது, குளிரூட்டிதான் தேவை. அது வெளியேற்றும் சூட்டை மூடிய அலமாரிக்குள்ளேயே சுற்றவிட்டால் நீர் குளிரவே குளிராது. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் நம் கடலிலேயே சூடு தாங்காமல் பவளங்கள் வெளுத்தன.

கல்லை அடுக்கி மறைப்பதிலும் ஒரு சிக்கல். நீரை உறிஞ்சும் வாய் அடைபட்டால் மோட்டார் சூடாகும். கல்லுக்குப் பின்னால் நீர் ஓடாத மூலையில் கழிவு தேங்கி அழுகும். கை எட்டாத இடத்தில் ஒளித்த கருவியை யாரும் கழுவப்போவதில்லை. மின்கம்பியை மறைப்பவர்கள் அதைச் செருகிக்கு நேராக இழுக்காமல், கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவி, 2025 ஜூலை 1 முதல் இங்கு எல்லா வீடுகளிலும் கட்டாயம். உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று அப்பாவிடமோ அம்மாவிடமோ ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இத்தனை கருவி இல்லாமலும் ஒருவர் சமாளித்திருக்கிறார். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளையும் காற்றுக்குழாய்க் குமிழிகளையும் மட்டும் நம்பித் தொட்டி வளர்த்தார். தம் முறையைப் பற்றி 1961ல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் எழுதினார். மறைக்க அவரிடம் அதிகம் எதுவும் இருந்திருக்காது.

உயிர்ப்பாறையோடு வரும் இன்னொரு விருந்தாளி, கோரலைன் பாசி. ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சுண்ணாம்புத் தோல்போல் எதன்மேலும் படரும். நீரில் கால்சியமும் காரத்தன்மையும் சீராக இருந்தால் போதும். வேகம் மட்டும் கிடையாது. மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும்.

என் மோட்டாரின் பழைய மூடியைத் தூக்கிப்போட்டுப் புதியது வாங்கினேன். ஏழு மாதம் கழித்து அதில் முதல் ஊதாப் புள்ளி தெரிந்தது. இப்போது முக்கால்வாசி மூடிவிட்டது. மாதம் ஒருமுறை உள்ளிருக்கும் சுழலியை மட்டும் கழற்றிக் காடியில் ஊறவைக்கிறேன். மூடியைப் போட்டால் காடி அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துவிடும்.

போன வாரம் பாட்டி கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு பார்த்தார்.

“மறுபடியும் சாயம் அடிச்சியா?”

“இல்ல பாட்டி, தானா வந்தது.”

அவர் நம்பவில்லை. நத்தைகளை எண்ணத் தொடங்கினார்.