கத்தி நிற்கும்வரை கை காத்திருக்கட்டும்
திருச்சுழி வட்டாரத்தில் வெட்டப்படும் சீமைக் கருவேலத்தின் பருத்த மரம் கரிமூட்டத்துக்குப் போகும். எஞ்சும் முட்கிளைகளைப் பெட்ரோல் இயந்திரத்தில் துண்டாக்கலாம். அப்படியோர் இயந்திரத்தில், தோளில் துண்டு தொங்க, ஒருவர் கிளை செலுத்தியதைக் கண்டு பதறினேன். முள்ளில் துணி மாட்டினால், சுழலும் கத்தி கிளையோடு கையையும் இழுத்துவிடும். தொங்கும் உடை கூடாது. காப்புக் கண்ணாடி வேண்டும். பக்கவாட்டில் நின்று, குட்டைத் துண்டுகளைக் கோலால் தள்ள வேண்டும். எஞ்சினை அணைத்த பின்னும் கத்தி சற்று நேரம் சுழலும். அது முற்றிலும் நின்று, ஸ்பார்க் பிளக் இணைப்பைக் கழற்றிய பிறகே அடைப்பை நீக்கலாம்.

1983ஆம் ஆண்டின் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பது கதிரடிக்கும் இயந்திரத்தை. பிறவற்றை மத்திய அரசு அறிவிக்கை வழியே சேர்க்கலாம். அந்தக் காப்பு, முள் வெட்டும் கூலிக்காரரின் கைகளுக்கும் உறுதியாக வேண்டும்.