காஸி மலைக் காடு யாருடையது?

"காடு யாருக்குச் சொந்தம்?" என்று நம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் கேட்டோம். "சர்க்காருக்கு!" என்று ஒரே குரலாகப் பதில் வந்தது. பிள்ளைகளைக் குற்றம் சொல்வதற்கில்லை. 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் தொடங்கி நம் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி வன இலாகாவின் 'ரிஸர்வ்' காடாகவே இருந்து வருகிறது. சுள்ளி பொறுக்கும் கிழவிக்குப் புலியைவிடக் காட்டுக் காவலரிடத்தில்தான் அச்சம் அதிகம்.

இதே கேள்வியை மேகாலயத்தில் ஒரு காஸிச் சிறுவனிடம் கேட்டால், "எங்களுக்கு" என்பான். (நேயர்கள் கங்கைக்கரைக் காசியை நினைத்துக்கொள்ள வேண்டாம். நாம் சொல்வது ஷில்லாங் நகரைச் சுற்றியுள்ள மலைநாட்டில் வாழும் பழங்குடி மக்களை.) அவன் சொல்வது வீம்பு அல்ல. பழைய வழக்கம், புதிய சட்டம் இரண்டும் அவன் பக்கம் இருக்கின்றன.

சுதந்திரம் வந்த 1947-இல், வடகிழக்கு மலைஜாதியாரின் எதிர்காலத்தை ஆலோசிக்க கோபிநாத் பர்தோலாய் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்தது. காஸித் தலைவர் நிகல்ஸ் ராய் அதில் இருந்தார். தக்கர் பாபாவும் இருந்தார். சென்னை தியாகராய நகரில் பின்னவர் பெயர் தாங்கிய வித்யாலயத்தை அறியாதவர் உண்டா? அக்கமிட்டியின் யோசனையைத் தழுவியே அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணை எழுந்தது. அதன்படி அமைந்த சுயாட்சி ஜில்லா கவுன்ஸில்கள், ரிஸர்வ் காடு நீங்கலாக மற்றக் காடுகளின் நிர்வாகத்துக்குத் தாமே சட்டம் செய்துகொள்ளலாம். 1972-இல் மேகாலயம் தனி ராஜ்யமான பின்பும் இந்த அதிகாரம் நீடிக்கிறது. அங்குள்ள காட்டில் பத்தில் ஒரு பங்குகூட ராஜ்ய வன இலாகாவின் கையில் இல்லை.

கவுன்ஸில் 1958-இல் செய்த வனச் சட்டத்தைப் படிப்பது நமக்குப் பெரிய விருந்தாயிருந்தது. ஜனங்களின் வாயில் வழங்கிய பெயர்களே அதில் சட்டச் சொற்களாகியிருக்கின்றன. 'லா' என்றால் காடு. தெய்வத்துக்கு விட்டது 'லா கின்டாங்'; ஊராரின் உபயோகத்துக்காகக் காத்து வைத்தது 'லா அடோங்'; குலத்துக்குப் பாத்தியமான நிலத்தில் உள்ளது 'லா ரி கின்டி'. இவ்வாறு இன்னும் சில வகைகள்.

சென்ற விடுமுறையில் ஷில்லாங்கிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்திலுள்ள மாப்லாங் தெய்வக்காட்டுக்குப் போயிருந்தோம். வெளியே புல்வெளியில் உச்சி வெயில் காய்கிறது. உள்ளே பத்தடி வைத்ததும் அந்தி மயங்கியதுபோல் ஆகிவிடுகிறது. பாசி படிந்த மரங்கள், கிளையெல்லாம் ஆர்க்கிட் செடிகள், இடையிடையே முன்னோர் நட்ட கற்கள். வீட்டு அம்மாள் கீழே கிடந்த ருத்திராக்ஷக் கொட்டை ஒன்றைப் பக்தியுடன் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வழிகாட்டி வந்த இளைஞர் கைகூப்பி, "தாயே, இங்கிருந்து ஓர் இலையும் வெளியே போகக் கூடாது" என்றார். முடிச்சு அவிழ்ந்தது. காவலரும் இல்லை, அபராதச் சீட்டும் இல்லை. சிறுத்தை உருவில் காட்டைக் காக்கும் தெய்வம் ஒன்று உண்டு என்ற நம்பிக்கை ஒன்றே அங்கே போதுமாயிருக்கிறது.

ஆனால், திரும்பும் வழியெங்கும் மொட்டைக் குன்றுகளைக் கண்டோம். அவையும் அந்த மக்களின் நிலங்கள்தாமே! தெய்வக்காட்டுக்கு இருந்த கட்டு மற்றக் காடுகளுக்கு இல்லாமற் போயிற்று. பொது நிலத்தில் நாளடைவில் பெரும்பகுதி தனியார் அனுபவத்துக்குப் போயிற்று. தடி வியாபாரியும், கரி சுடுபவரும், சுண்ணாம்புக்கல் தோண்டுபவரும் ரொக்கத்துடன் வாசலுக்கு வந்தார்கள். காக்க வேண்டிய கவுன்ஸிலுக்கோ வெட்டுகிற மரத்தின் ராயல்டியும் ஒரு வருமானம். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்றால் எப்படி?

இந்த நிலையில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. நம் நீலகிரி ஜில்லாவின் கூடலூர்க் காடுகள் அழிகின்றனவென்று நிலம்பூர் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் ஸுப்ரீம் கோர்ட்டில் மனுச் செய்தார். அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12-ஆம் தேதி பிறந்த உத்தரவு தேசம் முழுவதையும் கட்டிற்று. யார் சொத்தாயினும் காடு காடுதான். மத்திய சர்க்கார் அங்கீகரித்த திட்டமின்றி வெட்டக் கூடாது. வடகிழக்கு ராஜ்யங்களிலிருந்து வெட்டுமரம் வெளியே போகவே கூடாது என்றாயிற்று. கூடலூரில் போட்ட மனு காஸி மலையில் கோடரியை நிறுத்தியது!

நிறுத்தியது நல்லதே என்பது நம் அபிப்பிராயம். எனினும் மனம் முழுதும் ஒப்பவில்லை. பத்து மரம் வைத்திருந்து, பெண்ணின் படிப்புக்கு இரண்டை விற்கும் குடியானவன் டில்லி அங்கீகரிக்கும் திட்டத்துக்கு எங்கே போவான்? லாரி லாரியாக ஏற்றியவனுக்கும் அவனுக்கும் ஒரே விலங்கு. அன்றியும், சுயாட்சி என்று கொடுத்ததன் உயிர்நாடியான ஒரு விஷயத்தில் கடைசி வார்த்தை டில்லிக்குப் போய்விட்டது. கவுன்ஸில் முன்னமே கண்டிப்பாக இருந்திருந்தால் இதற்கு இடமே ஏற்பட்டிராது.

மாப்லாங் பக்கத்தில் 2011 முதல் வேறொரு முயற்சி நடக்கிறது. காஸிகளின் பழைய சிற்றரசுகளுக்கு 'ஹிமா' என்று பெயர். பத்து ஹிமாக்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, 60-க்கு மேற்பட்ட கிராமங்களில் சுமார் 27,000 ஹெக்டேர் நிலத்தைத் தாங்களே காத்து வருகின்றன. மரங்கள் காற்றிலிருந்து உட்கொள்ளும் கரியைக் கணக்கிட்டு, அதற்கு ஈடாக வெளிநாட்டார் பணம் தருகிறார்கள். அந்தப் பணம் என்றும் ஒரே அளவாக வருமென்று நம்பிவிட முடியாது. ஆனால் வேலை கண்ணுக்குத் தெரிகிறது. காய்ந்த புல் பற்றிக்கொள்ளும் பருவத்துக்கு முன்பே ஊர் இளைஞர்கள் குன்றைச் சுற்றிப் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புப் பாதை போடுகிறார்கள். விறகு குறைவாகத் தின்னும் அடுப்புகளைப் பெண்கள் பழகிவருகிறார்கள். நாம் கண்ட ஒரு சரிவில், தீயும் ஆடுமாடும் விட்டு வைத்ததால் தானாகவே முளைத்த பைன் கன்றுகள் முழங்கால் உயரம் நின்றன. வேலிக்கு அப்பால் அதே குன்றின் மறுபாதி செம்மண்ணாகக் கிடந்தது.