இன்னொரு வெள்ளம் வேண்டுமா?

பட்டணவாசிகளுக்கு அடுத்த வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாது என்று நாம் குறை கூறுவது வழக்கம். 2015-ம் வருஷம் டிசம்பரில் அடையாறு கரை புரண்டு சென்னைத் தெருக்களில் புகுந்தபோது கண்ட காட்சியோ வேறு. மீனவர்கள் கடலில் செலுத்தும் படகுகளைத் தெருவுக்குக் கொண்டு வந்து, முன்பின் அறியாதவர்களைக் கரை சேர்த்தார்கள். மாடியில் வசித்தவர்கள் கீழ் வீட்டாருக்கு இடம் தந்தார்கள். பள்ளிவாசல்களில் மதபேதமின்றி யாவருக்கும் சோறு கிடைத்தது.

சொந்த ஊரிலேயே விட்டு வந்ததாக நாம் எண்ணிய அன்பு, பட்டணத்தின் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது!

வெள்ளம் வடிந்தது; சிநேகமும் அதனுடன் வடிந்துவிடலாமா? அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிப் பெயர் கேட்பதற்கு இன்னொரு வெள்ளம் வர வேண்டுமா, என்ன? இன்று மாலையே போய்த் தட்டிப் பார்ப்போம்.