ஊரார் துக்கத்துக்குப் பாட்டெழுதியவர்: லிடியா சிகோர்னி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க வாசகர்களிடம் பெண் கவிஞர் ஒருவரின் பெயரைக் கேட்டிருந்தால், பெரும்பாலோர் சொல்லியிருக்கக்கூடிய பெயர் லிடியா ஹண்ட்லி சிகோர்னி (1791–1865) என்பதாகும். இன்று பாடநூல்களில் நிலைபெற்றுவிட்ட எமிலி டிக்கின்சனின் கவிதைகளில் அவர் உயிருடன் இருந்தபோது அச்சேறியவை ஏறத்தாழப் பத்துதான்; அவையும் ஆசிரியர் பெயரின்றியே வெளிவந்தன. சிகோர்னியோ அறுபதுக்கும் மேற்பட்ட நூல்களை வெளியிட்டு, முந்நூறு வரையிலான இதழ்களில் எழுதி, அயோவா மாநிலத்தில் ஓர் ஊருக்கே தம் பெயர் சூட்டப்படும் அளவுக்குப் புகழ் பெற்றிருந்தார். அத்தகையவரின் பெயர், அவர் மறைந்த சில பத்தாண்டுகளுக்குள் மட்டமான செய்யுளுக்கு எடுத்துக்காட்டாகிவிட்டது. அவரை உயர்த்தியதும் தாழ்த்தியதும் ஒரே வகைச் செய்யுள்தான். இறந்தவரைக் குறித்து உறவினர் கேட்டவுடன் எழுதிக்கொடுக்கப்பட்ட இரங்கற்பாவே அது.

கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் நகரில் 1791 செப்டம்பர் 1ஆம் நாள் பிறந்த லிடியா, தோட்டக்காரர் ஒருவரின் ஒரே மகள். தந்தை எசக்கியேல் ஹண்ட்லி வேலை பார்த்தது ஜெருஷா லாத்ரொப் என்னும் செல்வந்தக் கைம்பெண்ணின் வீட்டில். குடும்பமும் அங்கேயே வாழ்ந்தது. பிள்ளைகளற்ற அம்மூதாட்டி தோட்டக்காரரின் மகளைத் தம் பேத்தியைப்போல் பாவித்துத் தம் நூல்களைப் படிக்கவும் படித்துக் காட்டவும் பழக்கினார். லிடியாவின் பதின்ம வயதில் அவர் காலமானபின், ஹார்ட்ஃபோர்ட் நகரிலிருந்த அவருடைய உறவினரான வாட்ஸ்வொர்த் குடும்பம் அப்பெண்ணை ஆதரித்தது. உயர்குடி வீட்டின் கூடத்தையும் வேலைக்காரர் வாழ்க்கையையும் ஒருசேர அறிந்து வளர்ந்த அனுபவம், பிற்காலத்தில் எந்த நிலையிலுள்ள வாசகரிடமும் இணக்கமாகப் பேசும் திறனை அவருக்கு அளித்தது எனலாம். உயர்ந்தோர் முகம் சுளிக்காதபடி நடந்துகொள்ளும் எச்சரிக்கையும் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும்.

தமிழ் வாசகர்க்கு நார்விச் முற்றிலும் தொடர்பற்ற ஊர் அன்று. யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824இல் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கிய ஹாரியட் லாத்ரொப் வின்ஸ்லோ அவ்வூரிலேயே 1796இல் பிறந்தவர்; தமிழ்–ஆங்கில அகராதியை 1862இல் சென்னையில் வெளியிட்ட மிரன் வின்ஸ்லோவின் மனைவி. பெண்களுக்குக் கல்வி அளிப்பது சமயக் கடமையின் ஒரு பகுதி என்னும் நம்பிக்கை நிலவிய சூழலில் வளர்ந்த அவ்வூர்ப் பெண்களுள் ஒருவர் கடல் கடந்து பள்ளி நடத்தினார், மற்றொருவர் உள்ளூரிலேயே நடத்தினார்.

லிடியா 1811இல் தம் தோழி நான்சி மரியா ஹைட் என்பவருடன் சேர்ந்து நார்விச்சில் பெண்கள் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் 1814இல் டேனியல் வாட்ஸ்வொர்த் தம் நண்பர்களின் புதல்விகளுக்கென ஹார்ட்ஃபோர்டில் ஒரு பள்ளியை அவருக்கு அமைத்துத் தந்தார். தையலும் இசையும் போதும் என்று கருதப்பட்ட காலத்தில் வரலாறு, நிலநூல், எழுத்துப் பயிற்சி ஆகியவற்றுக்கு அங்கு முதன்மை தரப்பட்டது. அப்பள்ளியில் பயின்றவர்களுள் ஒருவர் ஆலிஸ் காக்ஸ்வெல். மருத்துவர் ஒருவரின் மகளான இச்சிறுமி, இரண்டு வயதில் கண்ட காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவள். காது கேளாத குழந்தைக்குக் கல்வி இயலாது என்று பலரும் நம்பியிருந்தபோது, லிடியா அச்சிறுமியின் சைகைகளைத் தாம் கற்றுக்கொண்டு, மற்ற மாணவியரையும் கற்கச் செய்து, அவளுக்குச் சொற்களைப் பயிற்றுவித்தார். தாமஸ் காலடெட்டும் பிரான்சிலிருந்து அழைத்துவரப்பட்ட லாரன்ட் கிளெர்க்கும் 1817இல் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய, அந்நாட்டின் நிலைபெற்ற முதல் காது கேளாதோர் பள்ளியின் முதல் மாணவர்களுள் ஆலிஸும் ஒருவர். சிகோர்னியின் நூல்களனைத்தும் மறக்கப்பட்டாலும் இந்த ஒரு செயலுக்காகவே அவர் நினைக்கப்படுவதற்குத் தகுதியுடையவர்.

முதல் நூல் 1815இல் வாட்ஸ்வொர்த்தின் முயற்சியால் வெளிவந்தது. நூலை வாங்குவதாக முன்னரே ஒப்புக்கொண்டோரின் கையொப்பங்களைத் திரட்டி, அச்சுச் செலவுக்கு உறுதி தேடும் முறையே அக்காலத்தில் பரவலாக இருந்தது. வாட்ஸ்வொர்த் தம் வட்டாரத்துச் செல்வர்களையெல்லாம் கையொப்பக்காரர்களாக ஆக்கினார். நான்காண்டுகள் கழித்து, மூன்று குழந்தைகளையுடைய மனைவியை இழந்தவரும் இரும்புச் சாமான் வணிகருமான சார்லஸ் சிகோர்னியை லிடியா மணந்தார். தோட்டக்காரர் மகள் குன்றின்மேல் அமைந்த மாளிகையின் தலைவியானார். ஆனால் பள்ளி மூடப்பட்டது. எழுதுவதைக் கணவர் தடுக்கவில்லை, பெயர் போட்டு எழுதுவதையே தடுத்தார். மதிப்புள்ள குடும்பத்துப் பெண்ணின் பெயர் கடைத்தெருவில் அடிபடுவது இழுக்கு என்பது அவருக்கு மட்டும் உரிய கருத்தன்று. 1827இல் அவர் மனைவிக்கு எழுதிய நீண்ட கடிதம் ஒன்று, புகழாசையால் இல்லறக் கடமை பின்தள்ளப்படுவதாகக் குற்றஞ்சாட்டுகிறது.

கணவரின் கொள்கையை மாற்றியது மனைவியின் வாதம் அன்று, கடனே ஆகும். வணிகம் சரியத் தொடங்கியபோது, முன்னர்ப் பெரும்பாலும் தருமக் காரியங்களுக்கே சென்ற எழுத்து வருவாய் வீட்டுச் செலவுக்குத் தேவைப்பட்டது. வயது முதிர்ந்த தம் பெற்றோரைக் காக்கும் பொறுப்பும் லிடியாவுக்கு இருந்தது. இளம்பெண்களுக்கு அறிவுரை கூறும் கடிதங்களாக 1833இல் வெளிவந்த அவருடைய உரைநடை நூல் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. அதன்பின் அவர் ஒளிந்திருக்க வழியுமில்லை, தேவையுமில்லை. இதில் சட்டத்தின் முரண் ஒன்றும் உண்டு. ‘கவர்ச்சர்’ எனப்பட்ட ஆங்கிலேயச் சட்டக் கோட்பாடு அமெரிக்க மாநிலங்களிலும் நடைமுறையில் இருந்தது. மணமான பெண்ணுக்குக் கணவரிலிருந்து வேறான சட்டநிலை இல்லை என்பதும், அவள் ஈட்டும் பொருள் கணவருக்கே உரியது என்பதும் அதன் சாரம். குடும்பத்தைத் தாங்கிய எழுத்தாளரின் ஊதியம் சட்டப்படி அவருடையதாக இல்லை. எனினும் பதிப்பாளர்களுடன் விலை பேசியதும், ஒரே கவிதையைத் திருத்தி வேறு தொகுப்பில் மீண்டும் விற்றதும் அவரே. மாளிகையைக் கைவிட்டுச் சிறிய வீட்டுக்குக் குடும்பம் பெயர்ந்தது 1838இல்.

அவருடைய பெயருக்கே விலை இருந்தது என்பதைக் ‘கோடீஸ் லேடீஸ் புக்’ என்னும் பிலடெல்பியா மாத இதழ் காட்டுகிறது. ஆசிரியர்களுள் ஒருவராகத் தலைப்புப் பக்கத்தில் அவர் பெயரை அச்சிடும் உரிமைக்காக மட்டும் அவ்விதழ் ஆண்டுக்கு 500 டாலர் வழங்கியது. ஆசிரியப் பணி எதையும் அவர் செய்யவில்லை. இத்தகைய இதழ்களோடு, ஆண்டிறுதியில் அன்பளிப்பாக வழங்குவதற்கென்றே செதுக்கோவியங்களும் அலங்கார அட்டையும் கொண்டு வெளிவந்த பரிசு மலர்களும் கவிதைக்குப் பெரிய சந்தையாக விளங்கின. அவற்றுள் ஓவியமே முதலில் ஆயத்தமாகி, அதற்கேற்பக் கவிஞரிடம் செய்யுள் கேட்கப்படுவதும் உண்டு. கேட்ட பொருளில், கேட்ட அளவில், கேட்ட நாளில் எழுதித்தரும் ஆற்றல் இங்குக் கைகொடுத்தது.

இறப்பு இந்தச் சந்தையின் நிலையான பொருளாக இருந்தது. ஐந்து வயதுக்குள் குழந்தைகள் இறப்பது எந்தத் தெருவிலும் நடந்த காலம் அது. சிகோர்னியின் முதல் மூன்று குழந்தைகளும் பிறந்த சிறுபொழுதிலேயே இறந்தன. அவருடைய இரங்கற்பாக்களின் கட்டமைப்பு பெரிதும் மாறுவதில்லை: இறந்த முகத்தின் அமைதி முதலில் காட்டப்பட்டு, வெறுமையான தொட்டிலோ நாற்காலியோ சுட்டப்பட்டு, அழும் தாய் நேரடியாக விளிக்கப்பட்டு, மறுமையில் சந்திப்பு உண்டு என்னும் உறுதியோடு பாடல் முடியும். இவற்றுள் பலவும் ‘பிளாங்க் வெர்ஸ்’ எனப்படும் யாப்பில், அதாவது ஐந்து சீரடியின் ஓசை ஒழுங்கு இருந்தும் இறுதி இயைபு இல்லாத நடையில் அமைந்தவை. மறைபரப்பாளரின் பேச்சுக்கு அருகில் நிற்கும் அந்நடை சாவு வீட்டில் உரக்க வாசிப்பதற்கு ஏற்றது. கவிஞரின் தனி மனம் இவற்றில் வெளிப்படவில்லை என்று குறை கூறுவது, நம் சரமகவிகளில் புலவரின் அந்தரங்கத்தைத் தேடுவது போன்றதாகும். துக்கம் அங்கே பிறருடையது. கவிஞர் அதற்குச் சொல் கொடுக்க அமர்த்தப்பட்டவர்.

அமர்த்தியோர் எத்தகையவர் என்பதை அவருடைய தன்வரலாறான ‘லெட்டர்ஸ் ஆஃப் லைஃப்’ நகைச்சுவையோடு பட்டியலிடுகிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 2000 கடிதங்களுக்கு மறுமொழி எழுத வேண்டியிருந்ததாக அதில் கணக்கு வருகிறது. தீனி வைக்க மறந்ததால் செத்துப்போன கேனரிப் பறவைக்கு ஓர் இரங்கற்பா வேண்டும் என்று அதன் உரிமையாளர் எழுதுகிறார். குழந்தையை இழந்த தந்தை ஒருவர், அது பன்றித் தீனி நிறைந்த பீப்பாயில் விழுந்து இறந்தது என்னும் ஒரே செய்தியைத் தந்து, அதைக் கொண்டு பாட்டுப் பாடக் கேட்கிறார். கல்லறைக்கல் சிறியதாகையால் இறந்த மூவருக்குமாகச் சேர்த்து 250 எழுத்துக்கு மேற்படக்கூடாது என்று இன்னொருவர் நிபந்தனை விதிக்கிறார். நிறுத்தக்குறியிடுவதில் தமக்கு விருப்பமில்லாததால் 300 பக்கக் கையெழுத்துப்படிக்கு அவரே குறியிட்டுத் தரவேண்டும் என்று அனுப்பிவைத்தவரும் உண்டு. இந்த வேண்டுகோள்களில் பலவற்றுக்கு அவர் ஊதியம் பெறவில்லை. தபால் செலவைக்கூடக் கேட்டவர்கள் சில வேளைகளில் அவர் தலையில் கட்டினர். புன்னகையோடு எழுதப்பட்ட இப்பக்கங்களே, தம் செய்யுளின் தரத்தை அவர் நன்கறிந்திருந்தார் என்பதற்குச் சான்றாகும். கண்ணீர்க்கவிஞர் எனக் கேலி செய்தவர்கள் இப்பக்கங்களைப் படித்ததாகத் தெரியவில்லை.

இங்கிலாந்துக் கவிஞர் பெலிசியா ஹெமன்ஸின் சாயல் சிகோர்னியிடம் மிகுதி என்பது ஏற்கத்தக்க குற்றச்சாட்டு. ‘அமெரிக்க ஹெமன்ஸ்’ என்னும் பட்டமே அதனால் வந்தது. எட்கர் ஆலன் போ 1836இல் ‘சதர்ன் லிட்டரரி மெசஞ்சர்’ இதழில் எழுதிய மதிப்புரையில், அப்பட்டம் உழைத்துப் பெற்றதன்று, பார்த்தெழுதிப் பெற்றது என்னும் பொருள்பட எழுதினார்; பாடலின் தலையில் மேற்கோளைப் பொருத்தும் வழக்கம் உட்பட ஹெமன்ஸின் உத்திகள் எடுத்தாளப்பட்டிருப்பதை வகைப்படுத்தியும் காட்டினார். ஐந்தாண்டுகளுக்குப்பின் ‘கிரகாம்ஸ்’ இதழின் பொறுப்பில் இருந்தபோது, அதே போ அதே சிகோர்னியிடம் கவிதை கேட்டுப் பணிவாகக் கடிதம் எழுதினார். இதழ் விற்க அவர் பெயர் தேவைப்பட்டது.

இரங்கற்பாக்களின் குவியலுக்கு அடியில் வேறொரு சிகோர்னியும் இருக்கிறார். பெயரின்றி 1822இல் வெளியிட்ட ‘டிரெய்ட்ஸ் ஆஃப் தி அபாரிஜினீஸ் ஆஃப் அமெரிக்கா’, ஏறத்தாழ 4000 அடிகளில் ஐந்து காண்டங்களாக அமைந்த நெடும்பாடல். வெள்ளையர் வருகையை வெற்றியாகப் பாடாமல், வரவேற்றவர்களை வந்தவர்கள் அழித்த வரலாறாக அது பாடுகிறது. நூல் விலைபோகவில்லை, அப்பொருளில் சமூகத்துக்கு அக்கறை இல்லாமையே காரணம் என்று அவர் பின்னாளில் எழுதினார். செரோக்கிப் பழங்குடி மக்களை அவர்தம் நிலத்திலிருந்து வெளியேற்றும் திட்டத்தை எதிர்த்து 1829இல் கேத்தரின் பீச்சர் ஹார்ட்ஃபோர்டிலிருந்து பெண்களைத் திரட்டி மனு இயக்கம் நடத்தியபோது அதிலும் அவர் பங்கெடுத்தார். வாக்குரிமையற்ற பெண்கள் நாடளாவிய அரசியல் வினா ஒன்றில் காங்கிரசுக்கு மனுச் செய்த முதல் பெரு முயற்சி அதுவே. ஆனாலும் பழங்குடியினர் கிறித்தவராக மாறிச் சமமாக வாழவேண்டும் என்பதே அவருடைய தீர்வு. அவர்கள் அவர்களாகவே வாழலாம் என்னும் எண்ணம் அவரிடம் இல்லை. அடிமை முறையில் அவருடைய துணிவு இன்னும் குறைவு. கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவில் குடியேற்றும் இயக்கத்தை ஆதரித்தாரே தவிர, உடனடி ஒழிப்புக் கோரியோருடன் அவர் நிற்கவில்லை. தென் மாநிலங்களிலும் அவர் நூல்கள் விற்றன என்பதை இங்கு நினைவிற்கொள்வது பொருந்தும்.

ஐரோப்பியப் பயணத்தைச் (1840–41) சுருக்கமாகக் கூறலாம். வேர்ட்ஸ்வொர்த், மரியா எட்ஜ்வொர்த் முதலியோரைச் சந்தித்தார். நாடு திரும்பியபின் பயண நூல் எழுதினார். மனம் குன்றியிருந்த கவிஞர் சதேயின் மனைவி தமக்கு எழுதிய அந்தரங்கக் கடிதத்தை அச்சில் வரவிட்டதாகக் கண்டனத்துக்கு ஆளானார். அக்கண்டனம் நியாயமானதே. பிறர் துக்கத்தைப் பொதுவில் வைப்பதையே தொழிலாகக் கொண்டவர், எங்கே நிறுத்தவேண்டும் என்பதை அப்போது தவறவிட்டார்.

அவருடைய மகன் ஆண்ட்ரூ 1850இல் பத்தொன்பது வயதில் காசநோயால் இறந்தான். மகனைப் பற்றி 1853இல் வெளியிட்ட ‘தி ஃபேடட் ஹோப்’ நூலுக்கு அவர் தேர்ந்தது பெரும்பாலும் உரைநடை: மகனின் நாட்குறிப்பு, பள்ளிப் பழக்கங்கள், நோயின் படிநிலைகள் ஆகியவை நுணுக்கமாக இடம்பெறுகின்றன. மகன் எப்போதும் எளியவனாக இருக்கவில்லை, தாயோடு பிணக்கும் இருந்தது என்பதையும் அந்நூல் முற்றாக மறைக்கவில்லை. ஊரார் பிள்ளைகளுக்குப் பாடிய பாடல்களில் காணக்கிடைக்காத தனிக்குறிப்புகள் இங்கே வருகின்றன.

ஹார்ட்ஃபோர்டில் 1865 ஜூன் 10ஆம் நாள் சிகோர்னி காலமானார். தன்வரலாறு அடுத்த ஆண்டு அச்சேறியது. சில ஆண்டுகளில் அதே நகரில் குடியேறிய மார்க் ட்வெயின், ‘ஹக்கிள்பெரி ஃபின்’ புதினத்தில் எமிலின் கிரேஞ்சர்ஃபோர்ட் என்னும் சிறுமியைப் படைத்தார்; ஊரில் யார் இறந்தாலும் உடல் குளிருமுன் இரங்கற்பாவோடு வந்து நிற்பவள் அவள். அப்பாத்திரத்துக்கு நேர் மூலமாகப் பெரும்பாலும் சுட்டப்படுபவர் மிச்சிகன் மாநிலத்து ஜூலியா மூர் என்றாலும், எய்த அம்பு சிகோர்னியின் மரபு முழுவதையும் துளைத்தது. கார்டன் ஹைட் 1930இல் எழுதிய வாழ்க்கை வரலாறு ஆவணங்களை அரிதில் திரட்டியிருந்தும், வரிக்கு வரி ஏளனம் தோய்ந்தது. அறுபதாண்டு காலம் ஆய்வாளர்கள் அவரை அந்நூலின் கண்களாலேயே பார்த்தனர். நினா பேய்ம் 1990இல் எழுதிய கட்டுரைதான், வரலாறும் அரசியலும் பேசும் படைப்புகளே அவருடைய எழுத்தில் கணிசமான பகுதி என்பதை நூல்களை எண்ணிக் காட்டி நிறுவியது. அக்கட்டுரைக்குப்பின் வந்த தொகுப்புகளில் பழங்குடியினர் குறித்த பாடல்கள் முன்னிடம் பெறுகின்றன. இரங்கற்பாக்களிலிருந்து ஒன்றோ இரண்டோ மட்டும் சேர்க்கப்படுகின்றன.