கூவத்தில் வளராத கொசு

இன்னைக்கு எபிசோட் கொசுவைப் பத்தி. பறக்கிற கொசு இல்லை, அதுக்கு முந்தின கட்டம்: தண்ணிக்குள்ள நெளியிற கொசுப்புழு.

சென்னையில கொசுத்தொல்லைன்னு பேச்சு வந்தா உடனே கூவத்தையும் பக்கிங்காம் கால்வாயையும் கை காட்டுவோம். அது பாதிதான் சரி. சாக்கடையிலயும் தேங்கின கால்வாயிலயும் பெருகுறது கியூலெக்ஸ். ராத்திரி காதுகிட்ட வந்து தூக்கத்தைக் கெடுக்கிறது பெரும்பாலும் இதுதான். யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது. ஆனா டெங்குவைப் பரப்புற ஏடிஸ் எஜிப்திக்கும், நகரத்துல மலேரியாவைப் பரப்புற அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்சிக்கும் சாக்கடை தேவையே இல்லை. டிரம், சம்ப், கிணறு, மொட்டை மாடி டேங்க் இதெல்லாம் போதும். அதாவது, நாம புழங்கப் பிடிச்சு வைக்கிற நல்ல தண்ணி.

எந்தப் புழு எதுன்னு ஓரளவு கண்ணாலயே கண்டுபிடிக்கலாம். தண்ணிக்குள்ளயே வாழ்ந்தாலும் மூச்சு விட இது மேல வந்தாகணும். கியூலெக்ஸ், ஏடிஸ் ரெண்டுக்கும் வால் பக்கம் ஒரு மூச்சுக்குழல் உண்டு. அதை நீர்ப்பரப்புல வெச்சுக்கிட்டுத் தலைகீழாத் தொங்கும். அனாஃபிலிஸுக்கு அந்தக் குழல் கிடையாது. அதனால சின்னக் குச்சி மிதக்கிற மாதிரி, பரப்பை ஒட்டிப் படுத்துக் கிடக்கும்.

சரி, சுத்தமான தண்ணியில இது எதைத் தின்னும்? நம்ம கண்ணுக்குத்தான் அது சுத்தம். தொட்டிச் சுவர்ல படியிற வழவழப்பு, பாசி, பாக்டீரியா, விழுந்து மக்குற இலைத்துணுக்கு எல்லாமே அதுக்குச் சாப்பாடு. அதைவிடப் பெரிய வசதி, எதிரி இல்லாதது. குளத்துல மீன் இருக்கும், தட்டானோட இளம்பூச்சி இருக்கும். ரெண்டுமே கொசுப்புழுவைப் பிடிச்சுத் தின்னும். டேங்க்ல அப்படி யாரும் இல்லை. நாலு தடவை தோல் உரிச்சு, கூட்டுப்புழுவாகி, கொசுவா வெளிய வர நம்ம ஊர் வெயிலுக்கு முட்டையிலிருந்து ஏழு முதல் பத்து நாள் போதும்.

ஏடிஸ் இன்னும் சாமர்த்தியம். தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, ஈரமான சுவர்ல முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணியைக் கொட்டிட்டாலும் அந்த முட்டை மாசக்கணக்கா காய்ஞ்சபடி உயிரோட இருக்கும். மறுபடி தண்ணி ஏறினதும் பொரியும். அதனாலதான் டிரம்மைக் கவிழ்த்தா மட்டும் பத்தாது, உள்பக்கம் பிரஷ் போட்டுத் தேய்க்கணும்.

ஸ்டீஃபென்சி இப்ப புது நகரங்களையும் பிடிச்சுக்கிட்டிருக்கு. 2012ல ஆப்பிரிக்காவோட ஜிபூட்டியில தென்பட்டது. கிட்டத்தட்ட ஒழிஞ்சிருந்த மலேரியா அதுக்கப்புறம் அங்க பல மடங்கு ஏறிடுச்சு. இலங்கை 2016ல மலேரியா இல்லாத நாடுன்னு உலக சுகாதார நிறுவனத்துகிட்ட சான்று வாங்குச்சு. கொஞ்ச நாள்லயே மன்னார்க் கிணறுகள்ல இந்தப் புழு கிடைச்சது.

தெருவுல அடிக்கிற புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். டேங்க்ல இருக்கிற புழுவுக்கு ஒண்ணும் ஆகாது. அதே சமயம், லாரித் தண்ணியை நம்பி இருக்கிற தெருவுல போய் ‘தண்ணி தேக்காதீங்க’ன்னு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்லை. குழாய்ல தினமும் தண்ணி வந்தா யார் டிரம்ல பிடிச்சு வைக்கப்போறாங்க? என்னைப் பொறுத்தவரை, ஒழுங்கான குடிநீர் விநியோகமும் கொசு ஒழிப்புதான்.

அது வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கிறது ஏழு நாள் கணக்கு. வாரம் ஒரு நாள் மொட்டை மாடிக்குப் போங்க. டேங்க் மூடியில விரிசல் இருக்கான்னு பாருங்க. ஓவர்ஃப்ளோ பைப் வாயில கொசுவலைத் துணியைக் கட்டுங்க. இறங்கி வந்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற தட்டையும் பூந்தொட்டித் தட்டையும் கழுவித் துடைங்க. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட மூடியை மாத்தச் சொல்லிக் கேளுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.