ஒளித்து உண்ணும் உடனடி மீ

இரவு மணி பதினொன்று. வீட்டில் எல்லாரும் உறங்கிவிட்டனர். மறுநாள் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் மெல்ல எழுந்து சமையலறைக்குச் செல்கிறான். ஓசையின்றி அலமாரியைத் திறந்து உடனடி மீ பொட்டலம் ஒன்றை எடுக்கிறான். சில நிமிடங்களில் மீ தயாராகிவிடுகிறது. உண்டு முடித்ததும் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறான். வெற்றுப் பொட்டலத்தைக் குப்பைத் தொட்டியின் அடியில் திணிக்கிறான். மறுநாள் காலையில் அம்மா, “ராத்திரி பசிச்சதாய்யா?” என்று கேட்கிறார். “இல்லம்மா” என்கிறான் அவன்.

இக்காட்சி உங்களில் பலருக்குப் புதிதாக இராது. சிலர் மீயை ஒளித்து உண்பர். சிலர் உருளைக்கிழங்குச் சீவலைப் படுக்கையறையில் மறைத்து வைத்திருப்பர். இனிப்பைக் குறைக்குமாறு மருத்துவர் கூறிய பிறகும், வேலை முடிந்து வரும் வழியில் ஒரு குவளை தே தாரேக் அருந்திவிட்டு வரும் பெரியவர்களும் உண்டு. இவ்வாறு ஆசையோடும் குற்ற உணர்வோடும் உண்ணப்படும் உணவுகளுள் உடனடி மீ முதன்மையானது. அதை நாம் ஏன் இவ்வளவு விரும்புகிறோம்? விரும்பும் ஒன்றை ஏன் ஒளித்து உண்கிறோம்?

உடனடி மீயை உருவாக்கியவர் மொமோபுகு அண்டோ என்பவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் கடும் உணவுப் பஞ்சம் நிலவியது. ஒசாகா நகரில், ஒரு கிண்ணம் சூடான மீ சூப்புக்காக மக்கள் குளிரில் நீண்ட வரிசையில் நிற்பதை அவர் கண்டார். அக்காட்சி அவர் மனத்தில் பதிந்தது. பின்னாளில், தம் வீட்டின் பின்புறம் இருந்த சிறிய கொட்டகையில் அவர் பல சோதனைகளைச் செய்தார். 1958-ஆம் ஆண்டில், கோழிச்சாற்றின் சுவை கொண்ட முதல் உடனடி மீ விற்பனைக்கு வந்தது. அப்பொழுது அது மலிவான உணவன்று. கடைகளில் கிடைத்த புதிய மீயைவிட அதன் விலை பல மடங்கு அதிகம். 1971-ஆம் ஆண்டில் குவளையில் அடைக்கப்பட்ட மீயும் வந்தது. பசியைப் போக்கப் பிறந்த அவ்வுணவு இன்று உலகெங்கும் பரவியுள்ளது.

உடனடி மீ பல மாதங்கள் கெடாமல் இருப்பதற்குக் காரணம் என்ன? மாவைப் பிசைந்து, இழைகளாக வெட்டி, முதலில் நீராவியில் வேகவைக்கின்றனர். பிறகு, கொதிக்கும் எண்ணெயில் ஓரிரு நிமிடங்கள் பொரிக்கின்றனர். அப்பொழுது மீயில் உள்ள நீர் ஆவியாக வெளியேறுகிறது. நீர் இல்லாத இடத்தில் கிருமிகள் வளர முடியாது. நீர் வெளியேறிய இடங்களில் நுண்ணிய துளைகள் உண்டாகின்றன. நாம் வெந்நீர் ஊற்றும்போது, நீர் அத்துளைகளின் வழியே விரைவாக உட்புகுந்து மீயை மென்மையாக்குகிறது. மீயின்மேல் மெழுகு பூசப்பட்டுள்ளது என்று பலர் கூறுவது உண்மையன்று. பொரிக்கும்போது மீ உறிஞ்சிய எண்ணெயே சூப்பின்மேல் மிதக்கிறது.

அதன் சுவைக்கும் காரணம் உண்டு. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகியவற்றோடு மற்றொரு சுவையையும் நம் நாக்கு உணர்கிறது. 1908-ஆம் ஆண்டில் கிகுனாயே இகேடா என்ற ஜப்பானிய அறிவியலாளர் கடற்பாசிச் சாற்றில் அதைக் கண்டறிந்து, ‘உமாமி’ எனப் பெயரிட்டார். இறைச்சிச் சாறு, நெத்திலி, தக்காளி போன்றவற்றில் அச்சுவை இயல்பாகவே உள்ளது. மீயுடன் வரும் மசாலாத் தூள் உமாமியையும் உப்பையும் ஒருசேரத் தருகிறது. பொரித்த மாவின் எண்ணெய்ச் சுவையும் அதனுடன் சேர்கிறது. போதிய உறக்கம் இல்லாதபோது, இத்தகைய உணவுகளின்மீது நமக்கு ஆசை மேலும் கூடுகிறது. ஆகவே, பின்னிரவில் மீயை நாடுவதை மனவலிமைக் குறைவு என்று மட்டும் கூறிவிட முடியாது.

எனினும், அதில் கவனிக்க வேண்டிய குறை ஒன்று உண்டு. அதுதான் உப்பு. பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்கும் குறைவான சோடியத்தையே உட்கொள்ள வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இது 5 கிராம் உப்புக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்புக்குச் சமம். பொட்டலத்தின் பின்புறத்தில் உள்ள சத்துணவுப் பட்டியலைப் பாருங்கள். அதில் சோடியம் 1,200 மில்லிகிராம் என இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியெனில், ஒரே வேளையில் ஒரு நாளைய அளவில் 60 விழுக்காடு உடலில் சேர்ந்துவிடுகிறது. தொடர்ந்து மிகையாக உப்பை உட்கொள்வது இரத்த அழுத்தத்தை உயர்த்தும். அது இதய நோய்க்கும் பக்கவாதத்திற்கும் வழிவகுக்கும்.

அப்படியென்றால், அலமாரியைப் பூட்டிவிட்டால் போதுமா? அமெரிக்க ஆய்வாளர்களான ஜெனிபர் பிஷர், லியான் பர்ச் இருவரும் 1999-ஆம் ஆண்டில் சிறு குழந்தைகளிடம் ஓர் ஆய்வை மேற்கொண்டனர். ஏறத்தாழ ஒரே மாதிரியான இரண்டு தின்பண்டங்களுள் ஒன்றைத் தாராளமாக உண்ணவிட்டனர். மற்றொன்றைக் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, சிறிது நேரம் மட்டுமே உண்ண அனுமதித்தனர். தடுக்கப்பட்ட தின்பண்டத்தைப் பற்றியே குழந்தைகள் அதிகம் பேசினர். அதையே அதிகம் கேட்டனர். தடை, ஆசையைக் குறைப்பதற்குப் பதிலாக வளர்த்துவிட்டது.

நம் நாட்டு மாமாக் கடைகளை எண்ணிப் பாருங்கள். குடும்பத்தோடு சென்று, மேசையில் அமர்ந்து, ‘மேகி கோரெங்’ கேட்டு வாங்கி உண்கிறோம். அங்கு எவரும் எதையும் மறைப்பதில்லை. வீட்டில் நள்ளிரவில் தனியே உண்பதும் அதே மீதான். ஆனால், அங்கே இல்லாத குற்ற உணர்வு இங்கே மட்டும் எப்படி வந்தது? குற்ற உணர்வு உணவில் இல்லை, மறைப்பதில்தான் இருக்கிறது. மறைவில் உண்பவர் அவசரமாக உண்கிறார். எத்தனை நாள், எவ்வளவு உண்டார் என்று கணக்குப் பார்ப்பதில்லை. இன்னும் வேண்டுமா, போதுமா என அவரிடம் கேட்பாரும் இல்லை.

எனவே, உடனடி மீயை அறவே விலக்க வேண்டியதில்லை. அறிந்து உண்டால் போதும். மசாலாத் தூளில் பாதியை மட்டும் சேர்க்கலாம். முட்டை, கீரை, முளைப்பயறு ஆகியவற்றைச் சேர்த்தால் சத்துக் கூடும். சூப்பு முழுவதையும் குடிக்காமல் விட்டால் உடலில் சேரும் உப்பு குறையும். அன்றாட உணவாக்காமல் எப்பொழுதாவது உண்ணலாம். ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பது நம் முன்னோர் வாக்கு. அளவோடு உண்ண வேண்டும் என்பதைத் திருவள்ளுவரும் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வலியுறுத்துகிறார்.

இவை அனைத்திற்கும் முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த முறை அம்மா, “ராத்திரி பசிச்சதாய்யா?” என்று கேட்டால், “ஆமாம்மா, மீ சமைச்சுச் சாப்பிட்டேன்” என்று சொல்லிப் பாருங்கள். அவர் சற்றுக் கடிந்துகொள்ளலாம். ஆனால், மறுநாள் இரவு நீங்கள் படிக்கும் மேசைக்கு ஒரு தட்டு உணவும் வரலாம்.