மலாக்கா ஆறு: தினக்கூலியில் ஓடும் நதி

கங்கை எங்கே பிறக்கிறது என்று கேட்டால், கங்கோத்ரி பனிப்பாறை என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். மலாக்கா ஆறு எங்கே பிறக்கிறது? படகுச் சவாரிக்குப் போனவர்களில் பலர் இதற்குப் பதில் சொல்ல யோசிப்பார்கள்.

தம்பின் பக்கத்து மலைகளிலிருந்து தம்பின் ஆறு இறங்குகிறது. இன்னொரு பக்கத்திலிருந்து பத்தாங் மலாக்கா ஆறு வருகிறது. அலோர் காஜா வட்டாரத்தில் இரண்டும் கூடிய பிறகே அதற்கு மலாக்கா ஆறு என்று பெயர். டுரியான் துங்கல் ஆறு, செங் ஆறு போன்றவை வழியில் வந்து சேருகின்றன. பூலாவ் செபாங், காடேக், ரெம்பியா என்று நம்மவர்கள் பால் வெட்டிய தோட்டங்கள் இருந்த மண்ணில் பெய்யும் மழைதான், பட்டணத்துக்குள் நுழைந்து நீரிணையில் கலக்கிறது.

அந்த முகத்துவாரம் உலகமே தேடி வந்த துறைமுகம். தமிழ் வணிகர்களும் அங்கே கடை விரித்தார்கள். 1511-இல் போர்த்துகீசியர் படையெடுத்தபோது, ஆற்றின் மேலிருந்த பாலத்தைப் பிடிக்கத்தான் கடும் சண்டை நடந்தது. 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் மலாக்கா இடம்பெற்றது.

ஆனால் கங்கைக்கு இருக்கும் ஒரு வசதி நம் ஆற்றுக்கு இல்லை. கோடையில் மழை பொய்த்தாலும் இமயத்துப் பனி உருகிக் கங்கைக்குக் கொஞ்சம் தண்ணீர் தரும். அது சேமிப்புக் கணக்கு மாதிரி. புவி வெப்பத்தால் அந்தச் சேமிப்பே இன்று கரைந்து வருகிறது. மலாக்கா ஆறோ தினக்கூலிக்காரர் மாதிரி. மழை பெய்தால்தான் வரும்படி.

1991-இல் அது நிரூபணமானது. மழை பொய்த்து டுரியான் துங்கல் நீர்த்தேக்கம் வற்றியது. மாநிலமே தண்ணீர்ப் பங்கீட்டில் தவித்தது. வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேளுங்கள், வாளியோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த கதையைச் சொல்வார்கள். அதன் பிறகு மூவார் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரப்பட்டது. ஜஸ் அணையும் எழுந்தது.

பனிமலை இல்லாத ஊருக்குக் காடும் சதுப்பு நிலமும்தான் சேமிப்பு. மரவேர் பிடித்த மண் மழையை உறிஞ்சி வைத்து, வெயில் நாளிலும் ஓடைக்குக் கசிய விடும். அதே இடத்தில் சிமெண்டு போட்டால், மழையன்று வெள்ளம், மறுவாரம் வறட்சி.

நம்மால் ஆனது என்ன? கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றலாம். பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் இருக்கலாம்; வீட்டுப் பின்புறச் சாக்கடையும் கடைசியில் ஓர் ஓடையைத்தான் சேர்கிறது. தாமானுக்குப் பக்கத்தில் ஓடும் ஓடைக்கு என்ன பெயர் என்று இந்த வாரம் பிள்ளைகளோடு போய்க் கேட்டுப் பாருங்கள். பெயர் தெரிந்த ஓடையில் குப்பை போட யாருக்கும் மனம் வராது.